துளையிட்ட குடங்கள்

"போட்டுட்டு நேரா நட. திரும்பிப் பார்க்காதே. பார்த்தா..." என்றார் பெரியப்பா. பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்தான். அந்தப் பாதி நெல்லையப்பனுக்கு நினைவில் நிற்கவில்லை. அப்பாவின் சிதைக்கு முன்னால் தோளில் குடத்தோடு நிற்கிறவனுக்கு எதுதான் காதில் ஏறும்?

அது ஆயிற்று சில வருஷம். கனடாவிலிருந்து ஓடிவந்து கொள்ளி வைத்தவருக்கு, திரும்பிப் போன பிறகு அங்கே மனம் நிலைகொள்ளவில்லை. பாலம் கட்டும் வேலையை உதறிவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். தலை பாதி நரைத்த வயதில் தொல்லியல் மாணவராகச் சேர்ந்தார். குரு அவரைவிட இளையவர். பேராசிரியர் ஜெசிந்தா. இவர் அவரை 'மேடம்' என்பார்; அவர் இவரை 'சார்' என்பார். அகழாய்வுக் குழிக்குள் இறங்கிவிட்டால் மட்டும் யார் குரு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

ஆற்றங்கரை மேட்டில், அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த ஈமத்தாழிகள் கிடைத்தன. தாழிக்குத் தாழி பக்கத்திலேயே உடைந்த சின்னக் குடம் ஒன்று. அந்த ஓடுகளைக் கழுவி, பொருத்தம் பார்த்து ஒட்டியது நெல்லையப்பன். ஒட்டி முடித்தபோதுதான் தெரிந்தது, எல்லாக் குடத்திலும் துளை. அதுவும் சூளையில் சுட்ட பிறகு போட்ட துளை, ஓரம் சிதறியிருந்தது. இனி இதில் தண்ணீர் நிற்காது என்று தெரிந்தே யாரோ போட்டிருக்கிறார்கள். ஏன் என்று தெரியாமல் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஊரில் பூட்டிக் கிடந்த பழைய கட்டடம் ஒன்றைக் காட்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். மறுநாள் திறப்பு. குடங்களுக்கு மேலே மாட்டும் பலகைக்கு வாசகம் எழுதுவது நெல்லையப்பன் பொறுப்பு. வேலையை விட்டு வந்ததற்கு நாலு பேர் முன்னால் காட்ட அவரிடம் இருந்தது அந்தக் குடங்கள்தான். உயிர் வெளியேறுவதற்காகத் துளையிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஜெசிந்தா அடித்துவிட்டார். இறந்தவரின் தாகம் தீர என்று மாற்றினார். அதுவும் அடிபட்டது. கடைசியில் 'சடங்கு கருதி' என்று எழுதிப் பார்த்தார். இதற்கு எழுதாமலே இருக்கலாமே என்றார் ஜெசிந்தா. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற பலகையை மாட்ட முடியாது, சாயங்காலத்துக்குள் சரியாக வரவில்லையென்றால் குடங்களைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்.

நெல்லையப்பனுக்குச் சலித்துப் போயிற்று.

"அப்போ நீங்களே சொல்லுங்க மேடம். ஏன் உடைச்சாங்க?"

ஊருக்குள்ளிருந்து பறைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க ஒரு சாவு. பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போக முடியாது. நீங்க போங்க. உடைக்கிறவங்ககிட்டயே கேளுங்க."

பலகை எழுத வந்த பெயிண்டர் காலையிலிருந்து காத்திருக்கிறார், பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது, இந்த அம்மாள் சாவுக்கு அனுப்புகிறார். நெல்லையப்பன் வாய்க்குள்ளேயே எதையோ முனகிக்கொண்டு போனார்.

இறந்தவரின் மகன் தோளில் குடத்தை ஏற்றிச் சிதையைச் சுற்றினான். சுற்றுக்கு ஒரு துளை போட்டார்கள். தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. கடைசியில் குடத்தைப் பின்பக்கமாக நழுவவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான். அப்படியே நடந்தான். நெல்லையப்பன் தன் தோளை ஒருமுறை தடவிக்கொண்டார்.

ஆற்றில் முழுகிவிட்டு எல்லோரும் டீக்கடையில் கூடினார்கள். நெல்லையப்பன் மெதுவாகப் பேச்சை எடுத்தார். உடம்பும் குடம் மாதிரிதான், அதைக் காட்டத்தான் உடைக்கிறோம் என்றார் ஒருவர். அதெல்லாம் சும்மா, செத்தவர் வீட்டுக்குத் திரும்பி வராமல் இருக்கத்தான் என்றார் அவருடைய மைத்துனர். சிதையின் சூடு தணிய என்றார் மூன்றாமவர். முதலாமவரும் மைத்துனரும் விடுவதாக இல்லை. பேச்சு முற்றி ஒரு பழைய வரப்புத் தகராறுக்குப் போய்விட்டது. துளை போட்டவரைக் கேட்டால், மூன்று போட வேண்டும், நாலாவது போட்டால் வைவார்கள், அதற்குமேல் தனக்குத் தெரியாது என்றார். மகன், தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சியாக இருந்தது என்று மட்டும் சொன்னான். கனடாவில் குடம் கிடைக்காதோ, இங்கே வந்து விசாரிக்கிறீர்களே என்று கேட்டார் டீ ஆற்றியவர்.

ஈர வேட்டியோடு நெல்லையப்பன் மேட்டுக்குத் திரும்பினார். கொட்டகையில் ஜெசிந்தா ஓடு பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஊரு, ஒரே சுடுகாடு, ஒரே குடம். ஆளுக்கு ஒரு காரணம் சொல்றாங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை."

"இவங்களுக்குள்ளேயே ஒட்டலை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி உடைச்சவங்க மட்டும் கூடிப் பேசி ஒரே காரணம் வச்சுக்கிட்டா உடைச்சாங்க, சார்?"

"அப்புறம் எதுக்குத் தோண்டுறோம்? ஓடு பொறுக்கவா? இதுக்கா நான் வேலையை விட்டுட்டு வந்தேன்?"

ஜெசிந்தா கையிலிருந்த ஓட்டைத் தட்டில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே அவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

"உங்க அப்பாவுக்குக் குடம் உடைச்சது நீங்கதானே?"

"ஆமா."

"ஏன் உடைச்சீங்க?"

நெல்லையப்பன் தட்டிலிருந்த ஓட்டைப் பார்த்தார்.

"எங்க வீடுகள்ல குடம் உடைக்கிறதில்லை. குத்திக் காட்டலை, தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன். ஏன்?"

"பெரியப்பா சொன்னாரு."

"சொன்னா உடைச்சிருவீங்களா? நான் ஒரு வாரமாச் சொல்றேன், ஒரு வரியை எடுக்க மாட்டேங்கிறீங்க."

நெல்லையப்பன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த நேரத்துல கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்துச்சு, மேடம். குடத்தைக் குடுத்தாங்க."

ஜெசிந்தா ஓட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அடுத்த கேள்வியில் பழைய கடுப்பு இல்லை.

"போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாதாமே. நீங்க பார்த்தீங்களா?"

வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நெல்லையப்பன் அதைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார்.

"பார்த்தேன்."

"அந்தச் சுடுகாட்டையும் ஒருநாள் யாராவது தோண்டுவாங்க. ஓடு கிடைக்கும். ஒட்டிப் பார்த்தாத் துளையும் தெரியும். நீங்க திரும்பிப் பார்த்தது எந்த மண்ணடுக்குல சார் கிடைக்கும்?"

நெல்லையப்பன் காட்சிக்கூடத்துக்கு நடந்தார். பெயிண்டர் பலகைக்கு வெள்ளை அடித்துக் காயவைத்திருந்தார். 'இறந்தவர்களுக்கு அருகே குடத்தில் துளையிட்டு உடைத்திருக்கிறார்கள்' என்று அவரிடம் முதல் வரி எழுதச் சொன்னார். 'இன்றும் உடைக்கிறோம்' என்று இரண்டாவது வரி எழுதச் சொன்னார். மீதிப் பலகையை வெள்ளையாகவே விடச் சொன்னார்.