உபதேசியார் கேட்ட வியாக்கியானம்

“எந்த வேத வியாக்கியானப் புத்தகத்த வாங்கலாம்னு சொல்லுங்க டீச்சர்” என்று கேட்டார் உபதேசியார் ஞானாபரணம், நாற்காலியில் உட்காரும் முன்பே.

நேசமலர் டீச்சர் வேதாகமப் பள்ளியில் தீர்க்கதரிசனங்களைக் கற்றுக்கொடுப்பவர். வயதில் உபதேசியாருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அந்த வட்டாரத்தில் தீர்க்கதரிசனம் விளங்கவில்லை என்றால் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள்.

“பழசுக்கு என்ன ஆச்சு ஐயா?”

“அத எழுதுனவரு என்னையக் கவுத்துட்டாரு.”

போன ஆவணியில், தீர்க்கதரிசனத்தில் வரும் மிருகங்களையும் கொம்புகளையும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, கார்த்திகைக்குள் உலகம் முடிந்துவிடும் என்று பிரசங்கித்திருந்தார் உபதேசியார். சபையார் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல விதைத்தார்கள். செல்லக்கனி ஒருத்திதான் மெய்யாகவே நம்பினாள். விதைநெல்லைக் குத்திப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்டாள். கார்த்திகை வந்தது, மழை பெய்தது, அவள் வயலில் மட்டும் கோரை முளைத்தது.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வருஷமும் அவள் கோயில் வாசலில் வந்து நிற்கிறாள். “விதைக்கட்டுமா ஐயா?” என்று கேட்கிறாள். அவள் முகத்தில் முழிக்க முடியாமல்தான் அவர் புத்தகம் தேடிக் கிளம்பியிருந்தார். அதையும் டீச்சரிடம் சொன்னார்.

“வீட்ல புத்தகம் நெறைய இருக்குமே?”

“அலமாரி கொள்ளல.”

“அதுல, ‘எனக்குத் தெரியாது’ன்னு எழுதுனவரு ஒருத்தரக் கொண்டுவாங்க. அப்புறம் புதுசப் பாப்போம்.”

டீச்சர் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அலமாரியைக் குடைந்தார். தடித்தடியாக எழுதியவர்களுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. எந்தக் கொம்பு எந்த ராஜா, எந்த எக்காளம் எந்த யுத்தம், எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். கடைசியில் அட்டை போன ஒல்லிப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. போன வருஷப் பிரசங்கத்துக்கு அவர் எடுத்த அதே புத்தகம்.

கணக்கு முடிந்த இடத்தில் ஒரு வரி இருந்தது: ‘இந்தக் கணக்கு சரிதானா என்று எனக்குத் தெரியாது.’

அதன் மேல் பென்சில் கோடு.

மேடையில் வாசிக்க வேண்டாத வரிகளை முன்கூட்டியே பென்சிலால் அடித்துவைப்பது உபதேசியாரின் வழக்கம். இதை வாசித்தால் ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போகும் என்று அடித்தது நினைவுக்கு வந்தது. புத்தகத்தை எழுதிவிட்டு எப்போதோ செத்துப்போன மனுஷன்மேல் பழியைப் போட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கக்கேடு, உடனே ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்ததுதான்.

மறுநாள் டீச்சர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் மட்டும் காகிதம் தேய்ந்து வெளுத்திருந்தது. அதை விரலால் தடவினார்.

“அடிச்சதும் நாந்தான், அழிச்சதும் நாந்தான்” என்றார் உபதேசியார், தரையைப் பார்த்தபடி.

“நல்ல புத்தகம் ஐயா. புதுசு வேண்டாம். அந்த வரிய வாசிங்க.”

வாசித்தார். கோயிலே அதிரப் பேசுகிறவருக்கு உதட்டைத் தாண்டிச் சத்தம் வரவில்லை.

“இன்னும் சத்தமா.”

மறுபடியும் வாசித்தார்.

“இன்னும்.”

“இவ்வளவு கிட்டத்துல இருக்கீங்க, கேக்கலியா டீச்சர்?”

“எனக்குக் கேட்டுட்டுது ஐயா. செல்லக்கனிக்குக் கேக்கணும்லா?”