நடுவர் கட்டிய கைக்கடிகாரம்

கோவையில் ஓர் ஆஸ்பத்திரி. இதய நோயாளிகளை மறுபடி ஓடப் பழக்கும் கூடத்துக்கு மெஹருன்னிசாதான் குரு. வயது முப்பதுக்குள். சீடர் வையாபுரிக்கு ஐம்பத்தாறு. பள்ளிக்கூடக் கால்பந்துப் போட்டிகளில் நடுவராக இருந்தவர். ஊதிய விசிலை ஒருநாளும் மாற்றி ஊதாதவர். இப்போது அடைபட்ட இதயக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஓடலாம் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. மைதானத்துக்குத் திரும்புவதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஆனால் டிரெட்மில்லில் ஓட ஆரம்பித்ததும், மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். துடிப்பு நூற்றறுபதைத் தாண்டிவிட்டதாக அது காட்டும். முகம் வெளுத்து இறங்கிவிடுவார். நெஞ்சில் ஒட்டிய ஒயர்கள் எதிரே திரையில் நூற்றுப் பதினெட்டு என்று காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்ப மாட்டார். கெட்ட செய்தியை நம்ப மனிதனுக்குச் சாட்சி வேண்டியதில்லை, பாவம்.

அன்றும் இறங்கினார். கண் கலங்கியிருந்தது.

“இனி நமக்கு மைதானம் இல்லீங்க அம்மணி. விசிலை யாருக்காச்சும் குடுத்தர்றேன்.”

“நெஞ்சு வலிக்குதுங்களா சார்?”

“இல்லீங்க.”

“கிறுகிறுப்பு? மூச்சுத் திணறல்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்த நம்பரைப் பாத்தாத்தான் பயமா இருக்குது.”

மெஹருன்னிசா கை நீட்டினாள். “அதைக் கழட்டிக் குடுங்க. மறுபடி ஏறுங்க. ஓடிட்டே, நீங்க நடத்துனதுலயே பெரிய சண்டை வந்த மேட்ச்சைச் சொல்லுங்க.”

வையாபுரி ஓடினார். மெஹருன்னிசா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் கால் விழும் சத்தத்துக்குத் தக்கபடி கையை வீசிக்கொண்டிருந்தாள்.

“பொள்ளாச்சியிலங்க. செமி ஃபைனல். கோல் விழுந்துருச்சு. பந்து கையில பட்டுச்சுன்னு லைன்ஸ்மேன் கொடி தூக்கிட்டான். அவன் அந்தக் கடைசியில நின்னான். நான் பக்கத்துலயே நின்னேனுங்க. பட்டது நெஞ்சுல. கோல்தான்னு ஊதிட்டேன். செருப்பு, தண்ணி பாட்டில் எல்லாம் பறந்து வந்துச்சு. நான் அசையலையே!”

சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். மெஹருன்னிசா எழுந்து இயந்திரத்தை மெல்ல நிறுத்தி, கடிகாரத்தை அவர் முன்னால் நீட்டினாள். நூற்றறுபத்திரண்டு.

“அம்மணி! உங்களுக்கென்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை. உக்காந்துதான இருந்தேன். கையை மட்டும் உங்க ஓட்டத்துக்கு ஆட்டுனேன்.”

அவர் கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இது பொய் சொல்லுதுங்களா?”

“சில நேரம் சரியாவும் சொல்லும் சார். ஓடறப்ப கை ஆடற ஆட்டத்தையே துடிப்புன்னு எடுத்துக்கும். மணிக்கட்டுல இருக்குது, அதுக்கு அவ்வளவுதான் தெரியும்.”

“பின்ன நான் எதை நம்பி ஓடறதுங்க?”

மெஹருன்னிசா அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்களைக் காட்டிவிட்டு, இயந்திரத்தின் பொத்தானில் விரலை வைத்தாள்.

“அன்னைக்குக் கொடி தூக்குனப்ப, நீங்க எங்க நின்னு பாத்தீங்க சார்?”