வால்வை மூடிய பூங்கோதை

மதுரையில் ஒரே காம்பவுண்டுக்குள் நாங்கள் ஏழு குடித்தனம் இருந்த காலத்தில், வைஃபை பெட்டி வைத்திருந்தது மாடிப் போர்ஷன் பூங்கோதை மட்டும்தான். பெட்டியை மாட்ட வந்தவர் பாஸ்வேர்ட் போடாமலே போய்விட்டார்.

வீட்டுக்காரர் ஞானசம்பந்தம் வைத்ததுதான் அங்கே சட்டம். தண்ணீரை யார் வீணாக்குகிறார்கள் என்று பிடிக்க, தொட்டி வால்வை மூடிவிட்டு முற்றத்தில் நிற்பார். முதலில் கத்திக்கொண்டு வருகிறவர்தான் குற்றவாளி. அப்பீலே கிடையாது.

அவரிடம் போய், "யாரோ என் நெட்டை எடுக்குறாங்க சார்," என்றாள் பூங்கோதை.

"என் காம்பவுண்டுல திருட்டா? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆளைக் காட்டு. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு!"

ஞாயிறு காலை பூங்கோதை பாஸ்வேர்ட் போட்டுவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு, வேட்டி தடுக்க ஓடிவந்தார் ஞானசம்பந்தம்.

"என்னம்மா, நெட்டு நின்னுபோச்சு! அமெரிக்காவுல பேத்தி கேக் வெட்டப் போறா!"

குழாயடியில் குடத்தோடு நின்ற நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"நீங்க காட்டின வழிதான் சார்," என்றாள் பூங்கோதை. "வால்வை மூடினேன். நீங்க வந்தீங்க."

மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பை வாங்கி பாஸ்வேர்டைத் தட்டினாள். பேத்தி கேக் வெட்டியபோது ஏழு வீடும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டியது.

இப்போது எல்லோர் பாக்கெட்டிலும் நெட் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பேத்தியின் பேர்கூட எனக்குத் தெரியாது.