பலகை மேல நின்ன பனிவண்டி

பாலாத்துல தண்ணி வந்தாலே கும்பலா போய் வேடிக்கை பாக்கற ஊரு அது. அந்த ஊர்ல, சித்திரை வெயில்ல, ரிடயர்டு சுபேதார் ஏகாம்பரம் வீட்டு வாசல்ல ஒரு பனிவண்டி வந்து எறங்குச்சு.

முன்னால சறுக்கறதுக்கு ரெண்டு கட்டை. பின்னால சக்கரத்துக்குப் பதிலா அகலமா ஒரு ரப்பர் பட்டை, பீரங்கி வண்டிக்கு இருக்கற மாதிரி. மேல ஸ்கூட்டர் சீட்டு. அம்பது வருஷத்துப் பழசு. பட்டாளத்து ஏலத்துல நம்பர் பாத்து அடையாளம் கண்டு எடுத்துனு வந்தது.

"ஏர் ஓட்டறதா சார்?"ன்னு ஒருத்தன் கேட்டான். "ஐஸ் விக்கப் போறீங்களா?"ன்னு இன்னொருத்தன். அவர் யாருக்கும் பதில் சொல்லல. நேரா போய் தில்ஷாத்தக் கூட்டினு வந்தார்.

தில்ஷாத்துக்கு இருபத்திமூணு வயசு. பாலிடெக்னிக்க ரெண்டாவது வருஷத்துலயே விட்டுட்டு வந்தவ. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டின்னா சுத்துப்பட்டுல அவ கைதான். வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தா.

"சார், வேலூருக்கும் பனிக்கும் இன்னா சம்பந்தம்?"

"எனக்குக் கத்துக் குடுங்க. நானே பிரிச்சு நானே பூட்டணும்."

"குடுங்கன்றீங்க. என் பின்னால யாராவது நிக்கறாங்களா?"

"கத்துக் குடுக்கறவங்க எந்த வயசா இருந்தாலும் நீங்கதான், குருவே."

"குருன்னு சொல்லிட்டு டீ வாங்கித் தரலன்னா சாபம் விட்டுருவேன்."

டீ வந்துச்சு. வேலை ஆரம்பிச்சுது.

அறுபத்தோரு வயசு சீடன் சொன்னதக் கேட்டார்.  சறுக்குக்கட்டைக்குப் பெயிண்ட் அடிச்சார். சீட்டு தைச்சார். பட்டையில வெடிப்பு விட்ட எடத்துக்கெல்லாம் ஒட்டு போட்டார்.

எஞ்சின மட்டும் தொடல. கேட்டா, "நாளைக்குப் பாக்கலாம் குருவே"ன்னுடுவார்.

மூணு வாரம் போச்சு.

"சார், மாப்பிள்ளைக்கு மாலை போட்டாச்சு, மை வெச்சாச்சு. உயிர் இருக்கான்னு மட்டும் இன்னும் பாக்கல."

அவர் சிரிக்கல.

ஒரு நாள் அவ ஒரு பழைய மொபெட் பிஸ்டன் கொண்டாந்து அவர் கையில வெச்சா. பக்கவாட்டுல மேலருந்து கீழ வரைக்கும் கீறல், பூனை பிராண்டின மாதிரி.

"ஜாம் ஆன பிஸ்டன் சார், சிலிண்டர்ல உரசி இறுகிப் போனது. எஞ்சின் ஜாம்னு எவன் சொன்னாலும் அப்படியே நம்பக் கூடாது. தொறந்து பாக்கணும். கோடு இருந்தா ஜாம்."

"கோடு இல்லன்னா?"

"எஞ்சின் மேல பழி போடாதீங்க. வேற எங்கியோ தப்பு."

அந்தக் கீறல் மேல கட்டைவிரல வெச்சு மேலருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தார்.

அவர்கிட்ட ஒரு பழக்கம். தெனமும் வேலை முடிஞ்சதும் வண்டிப் பின்பக்கத்தத் தூக்கி, பட்டையத் தட்டி விட்டு, அடியில ரெண்டு பலகைய சொருகுவார். அப்புறம்தான் கை கழுவப் போவார்.

"சார், தரை கொதிக்குது. பட்டைக்குக் கால் சுடும்னு செருப்பு போட்டு விடறீங்களா?"

"பனியில வண்டிய நிறுத்தினா இப்படித்தான் செய்யணும் குருவே. பட்டையில ஒட்டின பனிய உதறணும். அடியில பலகை வெக்கணும். வெக்கலன்னா ஒரு மணி நேரத்துல பட்டை தரையோட உறைஞ்சு போயிடும். அப்புறம் வண்டி நகராது. ரெண்டு நிமிஷ வேலை."

"இங்க எங்க சார் பனி?"

அவர் வண்டி பக்கத்துலயே குந்தினார். 

"குணசீலன்னு ஒருத்தன். நம்ம ஊர்தான், கீழத்தெரு. என் கூடப் பட்டாளத்துல சேந்தவன். இது நடந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. மேல பனிமலையில ஒரு காவல் போஸ்ட்ல இருந்தோம். அன்னைக்கு சாயந்திரம் இந்த வண்டிய ஓட்டிட்டு வந்து நிறுத்தினது நான். கை மரத்துப் போச்சு. கூடாரத்துக்குள்ள போய் விழுந்துட்டேன். பலகை வெச்சேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல."

தில்ஷாத் ஸ்பேனரக் கீழ வெச்சா.

"விடிஞ்சதும் குணசீலனுக்கு நெஞ்சுல தண்ணி கோத்துக்குச்சு. மூச்சு விட்டா கொழாயில தண்ணி வர்ற சத்தம். கீழ எறக்கினா பொழைச்சுக்குவான். நான் எழுந்திருக்க முடியாம கெடக்கறேன். ஆபீசர் வண்டிய எடுக்கப் போனார். திரும்பி வந்து 'எஞ்சின் ஜாம்'னார். என் மூஞ்சியப் பாக்காம சொன்னார், ரிப்போர்ட்லயும் அதையே எழுதினார். குணசீலனத் தோள்ல தூக்கினு போனாங்க. பாதி வழியிலயே..."

"ஆபீசரக் கேக்கலியா சார்?"

"எப்பக் கேட்டாலும் அதே பதில்தான். அவரும் போய்ச் சேந்துட்டார். அதுக்கப்புறம் இந்த எஞ்சின யாரும் தொறக்கல. ஷெட்டுல போட்டவங்க அப்படியே விட்டுட்டாங்க."

"இப்ப எதுக்கு சார்?"

"அவன் பொண்ணு சுகன்யா. அவ மொகத்த அவன் பாக்கவே இல்ல. வர்ற ஆனியில அவளுக்குக் கல்யாணம். வெத்தல பாக்குத் தட்டோட வந்து, 'மாமா, அப்பா இடத்துல நின்னு நீங்களும் அத்தையும்தான் தாரை வாத்துத் தரணும்'னு கேட்டா. தட்ட வாங்கி வெச்சிருக்கேன். இன்னும் பதில் சொல்லல."

அன்னைக்கு தில்ஷாத் டீ கேக்கல.

மறுநாள் காலைல அவரே சொன்னார். "எஞ்சின தொறக்கலாம் குருவே."

நட்டு ஒவ்வொண்ணா கழண்டுச்சு. சிலிண்டர அவரே ரெண்டு கையால மேல தூக்கினார். உள்ள ஆயில் நின்னதால துரு ஏறல. பிஸ்டன் பளபளன்னு இருந்துச்சு. அவ அதக் கழட்டித் தொடைச்சு, ஒண்ணும் சொல்லாம அவர்கிட்ட நீட்டினா.

கட்டைவிரலால சுத்தித் தடவினார். திருப்பித் தடவினார்.

"கோடு இல்ல."

"இல்ல சார்."

"வெளிச்சம் பத்தலியோ?"

வெயிலுக்கு எடுத்துனு போனாங்க. வெயில்ல இன்னும் பளபளன்னு இருந்துச்சு.

"அன்னைக்குப் பட்டைதான் உறைஞ்சிருக்கு. ஆபீசர் எனக்காகப் பொய் எழுதியிருக்கார்."

தில்ஷாத் கைய துணியில தொடைச்சா.

"வேற ஏதாவது இருக்குமா குருவே? ப்ளக்கு? கார்பரேட்டர்?"

"இருக்கலாம் சார். ஆயிரம் இருக்கும்."

அவர் மொகத்துல சின்னதா ஒரு உயிர் வந்துச்சு. அவ வாசல் கேட்டுப் பக்கம் கை காட்டினா.

"அங்க நிக்கறது உங்க மொபெட்டா?"

"ஆமா."

"அதுக்கு அடியில இன்னா சார்?"

அவர் திரும்பிப் பாத்தார். முன் சக்கரத்துக்குக் கீழ ஒரு பலகை. பின் சக்கரத்துக்குக் கீழ ஒரு பலகை.

"எத்தினி வருஷமா வெக்கறீங்க?"

"அப்பலருந்து." 

"ஞாபகம் இல்லன்னீங்க. வெக்கலன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு."

கையில இருந்த பிஸ்டன் வெயில்ல சூடேறிப் போச்சு. அவர் கீழ வெக்கல. கண்ணுல தண்ணி வந்துச்சு, அதையும் தொடைக்கல. பக்கத்து வீட்டுல யாரோ குக்கர எறக்கற சத்தம் கேட்டுச்சு.

அவளத் திரும்பிப் பாத்தார். "நான் அந்தப் பொண்ணுக்குத் தாரை வாக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க குருவே."

தில்ஷாத் பையத் தொறந்து அந்தப் பழைய மொபெட் பிஸ்டன எடுத்தா. அவர் கையிலருந்து இன்னொண்ண வாங்கினா. ரெண்டையும் பலகை மேல வெச்சா.

"ஆபீசர் எழுதினது இது. வண்டியில இருந்தது இது. பொண்ணு வீட்டுக்கு எத எடுத்துனு போறீங்க?"

"அவளுக்கு எது எதுன்னு தெரியாது குருவே."

"தெரியாதுதான்."

நெழல் வண்டியத் தாண்டி செவுரு வரைக்கும் போச்சு. அவர் குனிஞ்சு, கோடு இல்லாத பிஸ்டன எடுத்து, துண்டுல சுத்தினார். உள்ள போய், வெத்தல பாக்குத் தட்டையும் எடுத்துனு வந்தார். மொபெட் வரைக்கும் போனவர் நின்னார்.

"வர வேணாம்னு அவ சொல்லிட்டான்னா?"

"பிஸ்டன எடுத்துனு திரும்பி வாங்க சார். அது இல்லாம வண்டி ஓடாது."

"வாங்க மாமான்னு சொல்லிட்டான்னா?"

"அப்பவும் எடுத்துனு வாங்க. நீங்களே பிரிச்சத நீங்களே பூட்டணும்."