முன்னால் பறந்த வாத்து

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய ஏரி இருந்தது. அந்த ஏரியில் பறவைகளுக்கு ஒரு கல்லூரி இருந்தது. பனிக்காலம் வந்தால் போதும், எங்கெங்கோ இருக்கும் நாடுகளிலிருந்து பறவைகள் படிக்க வந்துவிடும். அவற்றுக்கு ஆசிரியர் ஒரு நீர்க்காகம்.

அந்த வருஷம் நான்கு பேர் கடைசிப் பரீட்சைக்கு நின்றார்கள். பனிமலைக்கு அப்பாலிருந்து வந்த வரித்தலை வாத்து. உப்புப் பாலைவனத்துப் பூநாரை. கருங்கடல் பக்கத்துக் கூழைக்கடா. நால்வரிலும் சின்னவள் உள்ளான் குருவி. அவளை உள்ளங்கைக்குள் வைத்து மூடிவிடலாம். உலகத்தின் வடகோடியிலிருந்து அத்தனை தூரம் பறந்து வந்தவள்.

நீர்க்காகம் சொன்னது: "மலையைத் தாண்டி உப்பங்கழிக்குப் போய்ச் சேருங்கள். அதுதான் பரீட்சை. உங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள். நான் அங்கே வந்து பார்க்கிறேன்."

நால்வரும் கரையில் கூடினார்கள்.

"நல்ல தலைவர்னா யாரு? அதை முதல்ல பேசுவோம்!" என்றது கூழைக்கடா. "என்னைக் கேட்டா, தலைவர் எதைச் செய்யறாரோ அதை மத்தவங்க உடனே செய்யணும். ஏன், எதுக்குன்னு கேட்கக் கூடாது!"

"தலைவர் நின்ன இடத்தை விட்டு அசையக் கூடாது!" என்றது பூநாரை, ஒற்றைக் காலில் நின்றபடியே.

"அடிக்கிற காத்தை முதல்ல தன் நெஞ்சில வாங்கறவங்கதான் தலைவர்" என்றது வாத்து.

"நீ சொல்லு குட்டி" என்றது கூழைக்கடா.

உள்ளான் கூச்சத்தோடு சொன்னது: "எங்க ஊர்ல தலைவர்னு யாருமே இல்லைண்ணே. பக்கத்துல இருக்கிறவங்க திரும்பினா நாங்களும் திரும்புவோம். அவ்வளவுதான்."

"தலைவரே இல்லாத கூட்டமா! அது கூட்டமா, சந்தையா?" என்று கூழைக்கடா தாடைப் பை குலுங்கச் சிரித்தது. பூநாரையும் சிரித்தது. வாத்து சிரிக்கவில்லை. ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவும் இல்லை.

உலகத்திலேயே உயரமான மலையைத் தாண்டி வந்தவள் வாத்து. அதனால் அவளையே தலைவியாக்கினார்கள்.

"என் சிறகுக்குப் பின்னாலேயே வாங்க. புரிஞ்சுதா?" என்று கேட்டது வாத்து.

"புரிஞ்சுது!" என்றார்கள் மூவரும்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. நால்வருக்கும் நாலு விதமாகப் புரிந்திருந்தது.

காலையில் கிளம்பினார்கள். முன்னால் வாத்து, அதன் பின்னால் கூழைக்கடா, பிறகு பூநாரை, கடைசியில் உள்ளான். மலைக் கணவாய்க்குள் நுழைந்ததும் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. வாத்து அத்தனையையும் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு பறந்தது. பாதிக் கணவாய் தாண்டியபோது அதன் சிறகு கனத்தது, மூச்சு வாங்கியது.

அதன் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பறப்பவர் களைத்தால் சற்றுத் தாழ்ந்து, வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். அடுத்தவர் முன்னால் வருவார். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாத்தும் அப்படியே தாழ்ந்து, பின்னால் போனது.

கூழைக்கடா அதைப் பார்த்தது. அதன் ஊரில் தலைவர் கீழே இறங்கினால் அங்கே மீன் இருக்கிறது என்று அர்த்தம். எல்லாரும் ஒன்றாகப் பாய வேண்டும். "மீன்!" என்று கத்திக்கொண்டு அது தலைகுப்புறப் பாய்ந்தது. கீழே இருந்ததோ வெறும் பாறை!

பூநாரையும் பார்த்தது. அதன் ஊரில் கூட்டம் தலைகவிழ்ந்து இரை தேடும்போது, தலைவர் மட்டும் அசையாமல் நின்று காவல் பார்ப்பார். அவர் இடத்தை விட்டு நகர்ந்தால் நரி வந்துவிட்டது என்று பொருள். "ஆபத்து! ஓடுங்க! ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு பூநாரை மேற்கே பறந்தது.

உள்ளான் பக்கத்தில் இருப்பவர் திரும்பினால் திரும்புகிறவள் அல்லவா! கூழைக்கடாவோடு கீழே திரும்பினாள். பூநாரையோடு மேற்கே திரும்பினாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் காற்றில் பம்பரமாகச் சுழன்று, ஒரு முள்மரத்தில் போய் மோதினாள்.

வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்த வாத்து தலையை நிமிர்த்திப் பார்த்தது. முன்னால் ஒருவரும் இல்லை! வெறும் வானம்!

"கடவுளே! எல்லாரும் எங்கே?"

கீழே இறங்கிப் பார்த்தது. பாறை மேல் அலகு சிராய்த்து உட்கார்ந்திருந்தது கூழைக்கடா. பக்கத்து முள்மரத்தில் சிறகு கிழிந்து தொங்கியது உள்ளான்.

"நீ எங்கே போனே?" என்று கத்தியது கூழைக்கடா.

"பின்னாலே!"

"பின்னாலேயா? தலைவி பின்னாலே போவாளா! வெட்கமா இல்லே?"

"களைச்சா போகத்தானே வேணும்! நீ ஏன் முன்னாலே வரலை? வெறும் பாறையில போயா விழுவாங்க?"

"நீ இறங்கினே, நான் இறங்கினேன்! மீன் இல்லாத இடத்துல எந்தத் தலைவியாவது இறங்குவாளா?"

"எங்க ஊர்ல இதையெல்லாம் யாரும் வாயைத் திறந்து சொல்றதில்லை!" என்றது வாத்து.

முள்ளிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "இது உங்க ஊர் இல்லையேக்கா."

வாத்து அப்போதுதான் யோசித்தது: ஒரு பருவம் முழுக்க ஒரே ஏரியில் படித்தோம், ஒரே தண்ணீரைக் குடித்தோம். உங்கள் ஊரில் எப்படி என்று இந்தக் குழந்தையிடம் ஒருநாள்கூடக் கேட்கவில்லையே! அது முள்ளிலிருந்து உள்ளானை மெல்ல விடுவித்தது.

பிறகு பூநாரையைத் தேடினார்கள். "தம்பீ! பூநாரைத் தம்பீ!" என்று கணவாய் முழுக்கக் கூப்பிட்டார்கள். மலைதான் பதில் சொன்னது. பொழுது சாய்வதற்குள் உள்ளானுக்கு ஓர் இடம் பார்த்தாக வேண்டும்.

"என் பையில ஏறிக்கோ" என்று கூழைக்கடா அலகைத் திறந்தது.

உள்ளான் எட்டிப் பார்த்துப் பதறியது. "அண்ணே, மறந்து விழுங்கிட மாட்டீங்களே?"

"உன்னை விழுங்கினா என் பல்லிடுக்குக்குக்கூடப் பத்தாது!"

"உங்களுக்குத்தான் பல்லே கிடையாதே!"

"வாயாடி! ஏறு சீக்கிரம்!"

இந்த முறை வாத்து வாயைத் திறந்து சொன்னது. "நான் களைச்சா 'பின்னே வரேன்'னு கத்துவேன். உடனே அண்ணன் முன்னே வரணும். நான் தாழ்ந்தாலும் யாரும் கீழே இறங்க வேண்டாம். உங்களுக்கு இது சரிப்படுமா?"

"இதை மொதல்லயே கேட்டிருந்தா என் அலகு தப்பிச்சிருக்கும்" என்று முணுமுணுத்தது கூழைக்கடா. இருந்தாலும், "சரிப்படும்" என்றது.

வெயில் இருக்கும்போதே உப்பங்கழிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாத்து நீருக்கு நடுவே இருந்த ஒரு மணல்திட்டில் இறங்கியது. ஒரு காலை மடக்கியது. மறுகாலில் அசையாமல் நின்றது.

கூழைக்கடா திகைத்துப் போனது. "என்ன பண்றே? வாத்து எங்கேயாவது கொக்கு மாதிரி நிக்குமா?"

"தம்பி ஊர்ல தலைவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. அவன் எங்கேயிருந்து பார்த்தாலும், அசையாம நிக்கிற ஒருத்தி அவன் கண்ணுல படணும்."

"அவன் செத்தானோ இருக்கானோ!"

"அப்படிச் சொல்லாதே. கடவுள் எங்கேயாவது அவனைப் பத்திரமா வெச்சிருப்பார்."

மறுநாள் நீர்க்காகம் வந்தது. "மூன்று பேர் வந்தாச்சே! போதும், பரீட்சை முடிந்தது. வா, வந்து சாப்பிடு" என்றது.

"இன்னும் முடியலை ஐயா" என்றது வாத்து. அசையவில்லை.

மூன்று நாள் அது நின்றது. வெயில் காய்ந்தது. காற்று தள்ளியது. ஒரு நண்டு காலைக் கிள்ளியது. கூழைக்கடா பை நிறையப் புல் கொண்டுவந்து ஊட்டிவிட்டது.

"மீன் வாடை அடிக்குதே!"

"புல்லைத் தின்னு. வாடையைத் துப்பு!"

உள்ளான் கிழிந்த சிறகோடு அதன் காலடியிலேயே உட்கார்ந்து, நண்டுகளை விரட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மாலை வானத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது பெரிதானது. நீண்ட கழுத்து தெரிந்தது, நீண்ட கால்கள் தெரிந்தன.

"பூநாரை அண்ணே!" என்று வீறிட்டது உள்ளான்.

பூநாரை மணல்திட்டில் இறங்கியது. உடல் மெலிந்திருந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன.

"ஏன்டா இத்தனை நாள்? எங்கே போய்த் தொலைஞ்சே?" என்று கூழைக்கடா அழுதுகொண்டே திட்டியது.

"இங்கேதான் இருந்தேன். ரெண்டு நாளா உங்க கண்ணுக்கு எட்டாத உயரத்துல, மேலேதான் சுத்திக்கிட்டு இருந்தேன்."

"மேலேயா! எங்களைப் பார்த்துட்டுமா இறங்கலை?"

"பார்த்துட்டுத்தான். இறங்கப் பயமா இருந்தது. அக்கா மறுபடியும் நகர்றாளான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு அடி நகர்ந்திருந்தாலும் ஓடியிருப்பேன். திரும்பி வந்திருக்கவே மாட்டேன்."

நண்டு கிள்ளிய நேரம் எல்லாருக்கும் நினைவு வந்தது.

வாத்து மெல்லக் கேட்டது: "தம்பி, இப்ப நான் காலைக் கீழே வைக்கலாமா?"

"வைக்கலாம்க்கா" என்றது பூநாரை.

அதன் பிறகே வாத்து காலைக் கீழே வைத்தது.

தன் வழக்கம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து முன்னால் போகிறவர் தலைவர் அல்ல. பின்னால் வருகிறவரின் வழக்கத்தைக் கேட்டு அறிந்து, அதன்படி நிற்கவும் தெரிந்தவரே நல்ல தலைவர்.