நீலம் கலக்காத அச்சு

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. பெயர் ஜெபசீலி, வயது முப்பத்து நான்கு, ஊர் நாகர்கோவில். ஒரு கவின்கலைக் கல்லூரியில் சிற்பத்துறை ஆசிரியை. காலையில் டவுன் பஸ்ஸில் நசுங்கி வந்து, வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்த பிறகுதான் அவரால் ஞானத்தின் பக்கமே திரும்ப முடியும். சிஷ்யை மோகனா நாமக்கல்காரி, இறுதியாண்டு மாணவி.

மோகனாவின் அப்பா நாச்சிமுத்து லாரி டிரைவர். மகள் பி.காம். படிப்பாள் என்று நினைத்திருந்தார். அவளோ களிமண் பிசையப் போய்விட்டாள். அதைப் பற்றி அவர் நல்லதாகவும் ஒரு வார்த்தை பேசியதில்லை, கெட்டதாகவும் பேசியதில்லை.

மேலே படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோதுதான் வாயைத் திறந்தார்.

"கண்காட்சி வெப்பீங்கல்ல? வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

வீட்டில் அவளுடைய ஜாதகத்தை ஏற்கெனவே தூசி தட்டி வைத்திருந்தார்கள். அப்பா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால் படிப்பு அத்தோடு சரி. மோகனாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அதனால் அவள் அப்பாவின் தலையையே செய்ய முடிவெடுத்தாள். நிஜ அளவில், களிமண்ணில். லோடு ஏற்றக் காத்திருந்த சில நாட்கள் அவர் முள்மேல் உட்கார்ந்தது போல வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து முகம் கொடுத்தார். பிறகு கௌஹாத்திக்கு வண்டி கிளம்பிவிட்டது. தலையைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து, மீதி முகத்தை அவள் செல்போன் படத்தைப் பார்த்துச் செய்து முடித்தாள்.

ஜெபசீலி அந்தத் தலையை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"எல்லாம் அளவா இருக்கு. லைசென்ஸ் போட்டோல இருக்கற ஆள் மாதிரி இருக்காரு" என்றார்.

அன்று மோகனாவுக்குச் சோறு இறங்கவில்லை. திருத்தவும் நேரமில்லை. கண்காட்சி நெருங்கிவிட்டது. ஆற்றாமையோடு அச்செடுக்கும் வேலையில் இறங்கினாள்.

அச்செடுப்பது இப்படித்தான். களிமண் தலையின்மேல் பிளாஸ்டரைக் கரைத்து அடித்து ஓடு கட்டுவார்கள். ஓடு இறுகியதும் பின்பக்கத்தைத் திறந்து களிமண்ணைத் தோண்டி எறிந்துவிடுவார்கள். காலியான ஓட்டுக்குள் சோப்புக் கரைசலைத் தடவி, புதிதாகப் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். அதுவும் இறுகியதும் மேலோட்டை உளியால் கொத்திக் கொத்தி எடுத்தால் உள்ளே முகம் இருக்கும். ஓடும் வெள்ளை, முகமும் வெள்ளை. அதனால் களிமண்ணை ஒட்டி அடிக்கிற முதல் பூச்சில் மட்டும், வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்துவிடுவார்கள். கொத்திக்கொண்டே வரும்போது நீலம் தெரிந்தால் முகம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உளி அங்கே அடங்க வேண்டும்.

மோகனா நீலம் கலக்க மறந்துவிட்டாள்.

களிமண்ணைத் தோண்டியபோதாவது கண்ணில் பட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் பார்த்துக் கரண்டு போயிருந்தது. ஓட்டின் உட்புறமெல்லாம் களிமண் கறை. அவசர அவசரமாகக் கழுவி, சோப்பைத் தடவி, பிளாஸ்டரை ஊற்றிவிட்டாள். மறுநாள் காலையில் உளியோடு வந்தவள் ஜன்னலில் இருந்த நீல பாட்டிலைப் பார்த்தாள். அதன் மூடி திறக்கப்படவே இல்லை. களிமண் தலை போயே போய்விட்டது. இனி அப்பாவின் முகம் இருப்பது அந்த வெள்ளை உருண்டைக்குள் மட்டும்தான்.

அவள் ஜெபசீலியைத் தேடி ஓடினாள்.

"நீலம் போட மறந்துட்டனுங்க மேம்."

"சோப்பு தடவினியா?"

"தடவுனனுங்க."

"அப்போ ஓடு உரிஞ்சு வரும்."

"எல்லா எடத்துலயும் வருமுங்களா?"

"வராது."

மோகனா உளியை அவரிடம் நீட்டினாள். "நீங்களே எடுத்துக் குடுத்துருங்க மேம். உங்க கைக்குத் தெரியும்."

"நான் உங்க அப்பாவப் பாத்ததே இல்லியே. பாக்காத முகத்த நான் எப்படி எடுக்கறது?"

ஜெபசீலி உளியை வாங்கவில்லை. மேசையில் கிடந்த கரித்துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அந்த உருண்டையின்மேல் அப்பாவை வரையச் சொன்னார். மோகனா செல்போனை எடுத்தாள். அவர் அதைச் சாவதானமாக வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

மூக்கு வந்துவிட்டது. தார்ப்பாய்க் கயிறு அறுந்து அடித்ததில் இடப்பக்கம் கோணிய மூக்கு அது, எப்படி மறக்கும்? காதும் வந்தது. வலக்கண்ணுக்கு வந்ததும் கரி நின்றுவிட்டது.

"வண்டியில அவர் எந்தப் பக்கம் உக்காருவாரு?"

"வலப்பக்கமுங்க."

"ஜன்னல் ஓரமா?"

"ஆமாங்க."

ஜெபசீலி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

மோகனா கரியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சிறுமியாக இருக்கும்போது பள்ளி விடுமுறையில் அப்பாவோடு லாரியில் போனது நினைவுக்கு வந்தது. சாயங்கால வெயில் வலப்பக்க ஜன்னல் வழியாக வந்து அவர் முகத்தில் அறையும். அவர் அந்த ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு, முன்னால் போகிற வண்டியைத் திட்டியபடியே ஓட்டுவார். எத்தனையோ வருட வெயில். அவள் வலக்கண்ணைச் சற்றுச் சிறியதாக வரைந்தாள். ஓரத்தில் கோடுகளை இழுத்தாள்.

பிறகு உளியையும் அதை அடிக்கிற கொட்டாப்புளியையும் கையில் எடுத்தாள்.

முதலில் மூக்கு வந்தது. ஓடு சில்லுச் சில்லாக உரிந்து விழுந்தது. இடக்கன்னம் சுத்தமாக வெளிப்பட்டது. வலப்பக்கம்தான் மல்லுக்கு நின்றது. கரண்டு இல்லாத சாயங்காலம் தடவிய சோப்பு அங்கே சரியாகப் படியவில்லை. எது ஓடு, எது அப்பா என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. அவள் உருண்டையின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வெயிலையும் அந்தத் திட்டையும் நினைத்தாள். நினைத்த இடத்தில் உளியை வைத்தாள்.

கண்ணோரத்தில் உளி ஆழமாக இறங்கிவிட்டது. உள்ளே இருந்த முகமும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. பதறிப்போய்ப் புழுதியை ஊதிப் பார்த்தாள். களிமண்ணில் அவள் போடாத சுருக்கம் ஒன்று அங்கே விழுந்திருந்தது. அப்பாவுக்கு அது உண்டு. அவள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு உளி அவ்வளவாகப் பயப்படவில்லை. இமைமேல் ஒட்டியிருந்த ஓட்டை முழுக்கக் கொத்தாமல் விட்டதில் வலக்கண்ணும் வரைந்தபடியே இடுங்கிக்கொண்டது. தாடையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்த ஓட்டுத் துணுக்குகளையும் அப்படியே விட்டுவிட்டாள். சவரம் பண்ணாத தாடையாக அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

கண்காட்சியன்று நாச்சிமுத்து பைபாஸ் ஓரம் வண்டியைப் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டியில் வந்தார். தலையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மெல்ல அதன் வலப்பக்கமாகப் போனார். தன் கண்ணோரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். நேராக ஜெபசீலியிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேல படிக்கறதுக்கு அப்ளிகேசன் எப்பங்க குடுப்பாங்க?"

மோகனா தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். வெகுநாள் கழித்து வந்த சந்தோஷம் அது.

அவர் கிளம்பிப் போன பிறகு குருவும் சிஷ்யையும் கூடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீல பாட்டிலை இனிமேல் பிளாஸ்டர் மூட்டை மேலேயே கட்டித் தொங்கவிடப் போகிறேன், ஜூனியர்கள் யாரும் மறக்கக் கூடாது என்றாள் மோகனா.

"நல்லது" என்றார் ஜெபசீலி. ஒரு நாற்காலியை அடுக்கிவிட்டுச் சொன்னார். "நீ முதல் பூச்சு கரைக்கறப்போ நான் வாசல்லதான் நின்னேன். பாட்டில் பக்கம் உன் கை போகவே இல்ல."

மோகனா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்துட்டே இருந்தீங்களா? எங்கப்பா மூஞ்சி ஒடஞ்சு போயிருந்தா?"

"ஒடஞ்சிருக்கலாம். எனக்கும் அந்த ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே மேம். ஏன் சொல்லல?"

ஜெபசீலி கண்காட்சி மேடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பிளாஸ்டர் நாச்சிமுத்து வெயிலுக்கு ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீலம் போட்டிருந்தா, அந்த லைசென்ஸ் போட்டோவ ஒரு கீறல் படாம வெளிய எடுத்திருப்ப."