பரிவட்டம் யாருக்கு?

பூவளநாட்டு ராஜாவுக்கு ஒரு குறை. பிள்ளை இல்லாத குறை இல்ல, அது ஏழு இருந்துச்சு. எதிரி இல்லாத குறை.

போர்ல இல்லீங்க, கால்பந்துல. அரண்மனைச் சம்பளத்துல இருபத்திரண்டு ஆட்டக்காரங்கள வச்சிருந்தார். பதினோரு பேரு ஆடுவாங்க, மிச்சப் பேரு உக்காந்து முறுக்கு தின்பாங்க. எந்த ஊரு அணி வந்தாலும் பத்து கோல் வாங்கிக்கிட்டு, ராஜாவக் கும்பிட்டுட்டுப் போயிரும். ஜனங்களும் ஆட்டம் பாக்கத் தவறாம வந்தாங்க. வந்து நல்லாத் தூங்கினாங்க.

"எனக்கு ஒரு நிஜமான எதிரி அணி வேணும்யா!"ன்னு ராஜா சபையில கத்தினார்.

தளவாய் உக்கிரமூர்த்தி எந்திரிச்சார். படைக்குப் பெரியவர், மீசை அவரவிடப் பெரிசு. "நான் கொண்டாரேன், மகாராஜா!"

கடல் தாண்டிப் போய் ஒரு அணியக் கூட்டிட்டு வந்தார். ஒவ்வொருத்தனும் பனமரம். ஆட்டமும் பிரமாதம். கடைசி நிமிஷத்துல நம்மாளுங்க மூணுக்கு ரெண்டுன்னு ஜெயிச்சாங்க. ஜனங்க என்ன பண்ணாங்க? ரெண்டு பக்கத்துக்கும் கை தட்டினாங்க. தோத்தவனுக்கு மோர் குடுத்து, "பாத்துப் போங்க தம்பி"ன்னு வழியனுப்பினாங்க.

"இது ஆட்டமா, இல்ல சம்பந்தி விருந்தா?" ராஜா கொதிச்சார்.

சபையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. வேற யாரு, மிளகப்பன்தான். ராஜாவுக்கு யோசனை சொல்ற ஆளு. உருவம் கொஞ்சம், வாய் ஏகம்.

தளவாய்க்கு மீசை துடிச்சுது. "சிரிக்கிறவரே எதிரியக் காட்டட்டும், மகாராஜா. எட்டு நாள்ல. வெளியூர் ஆளு ஒருத்தனும் வரக்கூடாது. முடியலன்னா அவர் தலப்பாவக் கழட்டி என் குதிரைக்குக் கட்டுங்க. கீழத்தெரு லாயத்துல பாவம், மொட்டத் தலையோட நிக்குது."

"அப்படியே ஆகட்டும்!"னுட்டார் ராஜா.

அந்த நாட்டுல தலப்பா போனா சபையில எடமும் போச்சு. மிளகப்பன் தலையத் தொட்டுப் பாத்துக்கிட்டான். "சரி மகாராஜா. ஆனா இந்த வருஷம் மாரியம்மன் கோயில் பரிவட்டத்த நான் சொல்ற ஆளுக்குத்தான் கட்டணும்."

பரிவட்டம்னா திருவிழாவுல முதல் மரியாதையா தலையில கட்டற பட்டு. வருஷா வருஷம் ராஜாவுக்குத்தான் கட்டுவாங்க.

"அது எதுக்குய்யா உனக்கு?"

"துணியக் காப்பாத்தத் துணிதான் மகாராஜா வேணும்."

மறுநாள் முரசு அடிச்சாச்சு. அரண்மனை அணி ரெண்டாப் பிரியுது. மேலத்தெருவுல குடியிருக்கற பதினோரு பேரு ஒரு பக்கம், கீழத்தெருக்காரங்க ஒரு பக்கம். ஜெயிக்கற தெருவோட தலைவனுக்குப் பரிவட்டம்.

ரெண்டு நாளாச்சு, ஒண்ணும் நடக்கல. மேலத்தெரு தலைவன் கொம்பையாவும் கீழத்தெரு தலைவன் சங்கிலியும் ஒரே தட்டுல சாப்பிடற சேக்காளிங்க. யாரு கட்டினா என்னன்னு இருந்துட்டாங்க.

மிளகப்பன் மெதுவா சங்கிலிகிட்ட போனான். "ஏம்ப்பா, கொம்பையா தோத்துட்டா என்ன பண்ணுவான்?"

"ச்சு... பாவம்"னான் சங்கிலி.

நேரா கொம்பையாகிட்ட. "சங்கிலி உன்னப் பத்திப் பேசினாம்ப்பா."

"என்ன சொன்னான்?"

"ஒரே வார்த்த. பாவம்."

"யாரு, நானா? பந்து எது பரங்கிக்கா எதுன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்யா! அவன்தான் பாவம்!"

மிளகப்பன் அந்தப் பாவத்தையும் மூட்டை கட்டிக் கீழத்தெருவுல கொண்டுபோய் எறக்கிட்டான். ஒரு பொய்கூடச் சொல்லல பாருங்க.

அவ்வளவுதான், ஊரு பத்திக்கிச்சு. மேலத்தெரு நாவிதர் கீழத்தெரு ஆளுக்குப் பாதி மீசையோட நிறுத்திட்டு, "மீதி ஆட்டம் முடிஞ்சு"ன்னுட்டார். கீழத்தெருவுல பொறந்து மேலத்தெருவுல வாக்கப்பட்ட பொண்ணுங்க ரசத்துல உப்புப் போட மறந்தாங்க. மறந்தாங்களா, மறந்த மாதிரி இருந்தாங்களான்னு கேக்க எந்தப் புருஷனுக்கும் தைரியமில்ல.

எட்டாம் நாள் மைதானத்துல எள்ளு போட எடமில்ல. ஒருத்தனும் தூங்கல, ஒருத்தனும் உக்காரல. கொம்பையா உதைச்சா சங்கிலி தடுக்கறான், சங்கிலி உதைச்சா கொம்பையா பாயறான். ரெண்டு பக்கமும் கோலே விழல. அன்னிக்கு விழுந்த ஒரே கோல், ராஜா துள்ளிக் குதிச்சப்போ கைதவறி விழுந்த செங்கோல்தான்.

ஆட்டம் முடிஞ்சு தளவாய் ஓடி வந்தார். "மகாராஜா, இது ஏமாத்து! எதிரி எங்கன்னு கேட்டா பங்காளியக் காட்டறான்!"

"கடல் தாண்டி வந்தவன்கிட்ட தோத்தா அவன் கப்பல் ஏறிருவான், நாமளும் மறந்துருவோம்"னான் மிளகப்பன். "பங்காளிகிட்ட தோத்தா? விடிஞ்சா கெணத்தடியில அவன் மூஞ்சியிலதான முழிக்கணும்! அதுவும் 'பாவம்'னு பாக்கற மூஞ்சி!"

ராஜா தொடையத் தட்டினார். உடனே முகம் மாறிருச்சு. "அது சரிய்யா, ரெண்டும் சமம். பரிவட்டத்த யாருக்குக் கட்டறது? ஒரு தெருவுக்குக் கட்டினா இன்னொரு தெரு என்னச் சும்மா விடுமா?"

ரெண்டு தெருவும் மிளகப்பனையே பாக்குது.

"அது பேருலயே இருக்கே, மகாராஜா. பரின்னா என்ன?"

"குதிர."

"அப்போ பரிவட்டம் யாருக்கு? தளவாய் குதிரைக்குத் தலப்பா கட்டணும்னு அவரே ஆசப்பட்டார். கட்டிருங்க."

கட்டினாங்க. பட்டுத் தலப்பாவோட குதிர கம்பீரமா நிக்குது, தளவாய் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு கயித்தப் புடிச்சிட்டு நிக்கறார்.

அப்போ மேலத்தெருப் பக்கமிருந்து ஒரே கூச்சல். "செல்லாது, செல்லாது! அந்தக் குதிர லாயம் கீழத்தெருவுல இருக்கு!"

ராஜா வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சார். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "மிளகப்பா, இதுதான்யா நான் கேட்டது! என்ன பரிசு வேணும், கேளு!"

மிளகப்பன் தலப்பாவச் சரி பண்ணிக்கிட்டு, குரலத் தாழ்த்திச் சொன்னான்.

"அந்த லாயத்த மேலத்தெருவுக்கு மாத்திருங்க, மகாராஜா. நானும் மேலத்தெருதான்."